வேரில் ஒளிந்த பகை

சேலம் மாவட்ட வயல்களில் மருந்துக்கூர்க்கன் என்னும் செடி பயிரிடப்படுகிறது. இது துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் பருத்த வேர்களிலிருந்து போர்ஸ்கோலின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்படுகிறது. கண்ணழுத்த நோய்க்கான சொட்டு மருந்து செய்ய அது பயன்படுகிறது. நட்ட ஏறத்தாழ 6 மாதங்களில் வேர்கள் அறுவடைக்கு வரும். இச்செடிக்கு வேரே செல்வம்.

அந்த வேரைத் தேடி ஒரு பகை வருகிறது. நடுப்பகலில் செடி வாடும்; இலைகள் மஞ்சளாகும்; வளர்ச்சி குன்றும். நீரோ உரமோ போதவில்லை என்று உழவர் எண்ணக்கூடும். ஆனால் அவற்றை அளித்தாலும் செடி தேறுவதில்லை. பிடுங்கிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. உத்தரப்பிரதேசத்தின் புதினா வயல்களையும் இப்புழு தாக்குகிறது.

மண்ணில் வாழும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஊசி போன்ற வாயுறுப்பால் வேர்நுனியைத் துளைத்து உள்ளே புகும். அதன் உமிழ்நீர் பட்ட உயிரணுக்கள் பன்மடங்கு பெருத்து, செடிக்குரிய உணவைப் புழுவுக்கு ஊட்டும். பெண்புழு பேரிக்காய் வடிவில் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். புழு தாக்கிய வேரில் வாடல் நோய்ப் பூஞ்சைகளும் எளிதில் நுழையும்.

வேர்முடிச்சுகள் எல்லாம் தீயவை அல்ல. நிலக்கடலை வேரில் காணப்படும் முடிச்சுகளில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அம்முடிச்சுகள் வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கியதாகும். அதனைப் பிரித்தெடுக்க இயலாது.

கடும் நஞ்சை மண்ணில் இட்டால் புழுக்கள் மடியலாம். ஆயினும் நஞ்சின் எச்சம் வேரில் தங்கக்கூடும். அவ்வேரே நோயாளிக்கு மருந்தாகிறது. செடியைக் காக்க இட்ட நஞ்சு மனிதருக்குத் தீங்காகிவிடக் கூடாது. ஆதலால் மருந்துப்பயிருக்கு வேறு வழிகள் வேண்டும்.

கோடையில் ஆழ உழுதால், மேலே வரும் முட்டைகளும் புழுக்களும் வெயிலில் காய்ந்து அழியும். நாற்றங்கால் மண் புழுவற்றதாக இருத்தல் வேண்டும். வேப்பம் பிண்ணாக்கும் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் மண்ணில் இடப்படுகின்றன. வடநாட்டில் கேந்தா எனப்படும் செண்டுமல்லி ஊடுபயிராக நடப்படுகிறது. அதன் வேரில் உள்ள பொருள்கள் நூற்புழுக்களுக்குப் பகையாகும். இவ்வழிகள் புழுவை அடியோடு ஒழிப்பதில்லை; அது பெருகாமல் தடுக்கின்றன. உழவரின் விளைச்சலும் மருந்தின் தூய்மையும் ஒருங்கே காக்கப்படுகின்றன.

சொற்பொருள்
குன்றும் – குறையும்
புலப்படாது – தெரியாது
எச்சம் – மிச்சம்
ஊடுபயிர் – முதன்மைப் பயிரின் இடையே வளர்க்கும் பயிர்

வினாக்கள்
1. நூற்புழு தாக்கிய செடியை உழவர் எவ்வாறு தவறாகக் கருதக்கூடும்?
2. நிலக்கடலையின் வேர்முடிச்சுக்கும் நூற்புழுவின் முடிச்சுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மருந்துப்பயிருக்குக் கடும் நஞ்சு ஏற்றதன்று. ஏன்?
4. உங்கள் பகுதியில் செண்டுமல்லி எப்பெயரால் அழைக்கப்படுகிறது? கேட்டறிந்து எழுதுக.