டிசி கேட்கப் போகும் முன்

கண்ணு,

பெரியவளை ஐந்தாம் வகுப்போடு வில்லியனூர்ப் பள்ளியிலிருந்து எடுத்து, பாண்டியில் பேர்பெற்ற வேறொரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கலாமா, கையோடு சின்னவனையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். மாற்று என்றோ மாற்றாதே என்றோ ஒரே சொல்லில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கழித்தவள் நான். வருஷத் தொடக்கத்தில் புதிதாக வந்து, யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

1. ஏன் மாற்றுகிறாய் என்பதை அவள் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடிகிறதா என்று முதலில் பார். "இங்கே கணக்கு சரியாகச் சொல்லித்தரவில்லை, அங்கே நன்றாக இருக்கிறது" என்பதைப் பிள்ளையிடம் சொல்லலாம். "உன் பெரியப்பா பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், எங்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது" என்பதைச் சொல்ல முடியுமா? எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு பையன் அதற்குள் மூன்றாவது பள்ளியைப் பார்த்துவிட்டவன். நன்றாகப் படிப்பான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர், ஏன் என்னை மாத்திக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டான். அவன் அப்பா நல்ல மனிதர். மகனுக்காகத்தான் அத்தனையும் செய்தார். காரணத்தை மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. அதனால் குற்றம் தன்னுடையது என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். பிறர் வாய்க்கு அஞ்சிப் பிள்ளையை மாற்றினால், அந்த வாய் அடுத்த வருஷமும் மூடாது.

2. மாற்றும் முன் ஒருமுறையாவது இப்போதைய வகுப்பு ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசு. குறை சொல்வதற்காகப் போகாதே, கேட்பதற்காகப் போ. கண்ணாடி போட்டதும் சரியான பிள்ளையும், இடம் மாற்றி உட்காரவைத்ததும் சரியான பிள்ளையும் உண்டு. ஆனால் அடி, கேவலப்படுத்தும் பேச்சு, பிள்ளை வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம் என்று ஏதாவது இருந்தால், முழுப்பரீட்சை முடியட்டும் என்று காத்திராதே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. அந்த விஷயத்தில் பொறுமை என்பது குணமே இல்லை.

3. புதுப் பள்ளியை அட்மிஷன் நாளில் பார்க்காதே. அன்றைக்கு எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். ஒரு சாதாரண நாளில், பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நில். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், வேன் ஏற்றிவிடும் ஆயா அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கவனி. ஆசிரியர்கள் அங்கே எத்தனை வருஷம் நிலைத்திருக்கிறார்கள் என்று கேள். வருஷத்துக்கு வருஷம் கணக்கு டீச்சர் மாறும் பள்ளியில் ஏசி வகுப்பறை இருந்து என்ன பயன்?

4. பாடத்திட்டம் மாறுவதாக இருந்தால் ஆறாம் வகுப்பு நல்ல இடம். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நடக்கின்றன, சில சிபிஎஸ்இ. ஆறில் மாறினால் பழகிக்கொள்ள மூன்று வருஷம் கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் சிபிஎஸ்இ வாரியத்தில் பெயர் பதிந்துவிட்ட பிறகு, பத்தாம் வகுப்புக்குப் பள்ளி மாற்ற வாரியத்தின் அனுமதி தேவை. அதனால் எட்டுக்குள் முடிவெடு, பிறகு அசைக்காதே. ஒன்றை மறக்காமல் விசாரி: பலகையில் சிபிஎஸ்இ என்று எழுதியிருப்பது போதாது. வாரியத்தின் இணைப்பு எண் இருக்கிறதா, அந்த இணைப்பு எந்த வகுப்பு வரைக்கும் என்று பார். எட்டு வரைக்கும்தான் என்றால் ஒன்பதில் மறுபடியும் ஒரு டிசி.

5. தமிழை விட்டுவிடாதே. புதுப் பள்ளியில் தமிழ் எந்த வகுப்பு வரை பாடம் என்று கேட்டுத் தெரிந்துகொள். பாட்டியோடு பேசத் தெரிந்து, பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளிலேயே வளர்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது.

6. தூரத்தை கிலோமீட்டரில் கணக்குப் பண்ணாதே. பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதில் கணக்குப் பண்ணு. வேன் நம் ஊரில் முதலில் ஏற்றி ஊரெல்லாம் சுற்றிப் பாண்டி போனால், பத்து வயதுப் பிள்ளை முதல் பீரியடிலேயே தூங்கிவிழும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அதன் பின் சங்கராபரணி ஆறு எப்படி ஓடியது என்று நீயே பார்த்தாய். ஐப்பசி கார்த்திகையில் எந்தப் பாதையில் வண்டி வரும் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டு. நல்ல படிப்பு டவுனில்தான் கிடைக்கும் என்றும் எண்ணிவிடாதே. நம் பாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்டதை நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்துச் செப்பேடு சொல்கிறது.

7. முதல் வருஷக் கட்டணத்தைக் கட்டிவிடுவாய், அது எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வரை கட்ட முடியுமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் தனியாக உட்கார்ந்து மறைக்காமல் பேசுங்கள். நகையை அடகு வைத்துச் சேர்த்த பள்ளியில் பிள்ளை ஒரு மதிப்பெண் குறைந்தாலும் வீடு இரண்டாகிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பதையும், பெற்றோரை நேர்காணல் செய்வதையும் தடுக்கிறது. சண்டை போடச் சொல்லவில்லை. தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை என்று சொல்கிறேன்.

8. இரண்டு தனியார் பள்ளிகளை மட்டுமே தராசில் வைத்திருக்கிறாய். அரசுப் பள்ளியையும் ஒருமுறை போய்ப் பார். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. 2025இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முதல்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதின. சிபிஎஸ்இக்காகத்தான் தனியார் பள்ளி என்ற காரணம் இனி நிற்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள்ஒதுக்கீடும் 2023 முதல் இருக்கிறது. எந்த வகுப்பிலிருந்து அங்கே படித்திருக்க வேண்டும் என்ற விதியைக் கேட்டுத் தெரிந்துகொள். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளிகளும் உண்டு, மறைக்க மாட்டேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல், பார்க்காமல் சொல்லாதே.

9. சின்னவனை அக்காவின் பின்னால் கட்டி இழுக்காதே. ஒரே வேன், ஒரே யூனிஃபார்ம் என்றால் உனக்கு வசதிதான். அவன் மூன்றாம் வகுப்பில் இப்போதுதான் ஒரு டீச்சரிடம் ஒட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்திருக்கிறான். அதைக் கலைக்க அவன் பக்கத்தில் ஒரு காரணமும் இல்லை. இருக்கட்டும் அவன்.

10. போவதென்று முடிவானால் நல்லபடியாகப் போ. பாக்கியைத் தீர்த்து, டிசி வாங்கி, கல்வித் துறையின் இணையப் பதிவேட்டிலும் அவள் பெயரைப் பழைய பள்ளி விடுவித்துவிட்டதா என்று பார்த்துக்கொள். இல்லாவிட்டால் புதுப் பள்ளியில் பெயர் ஏறாமல் அலைய நேரிடும். டிசியைத் தராமல் நிறுத்திவைத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கடைசி நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு ஒரு வணக்கம் சொல்ல வை. பழைய பள்ளியைப் பற்றி வீட்டில் இழிவாகப் பேசாதே. அவளுடைய தோழிகள் அங்கேதான் இருக்கிறார்கள். புதுப் பள்ளியில் அரைப்பரீட்சை வரைக்கும் மதிப்பெண்ணைக் கேட்காதே. "இன்னைக்கு யார் கூட சாப்பிட்ட?" என்று கேள். "இவ்வளவு பணம் கட்டியும்..." என்று தொடங்கும் பேச்சு எதுவும் உன் வாயிலிருந்து வரவே கூடாது.

இவ்வளவு எழுதியும் அவள் என்ன நினைக்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு அவளை உட்காரவைத்துக் கேள். சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலிலேயே வகுப்பைத் தொடங்கிவிடும், அதனால் தள்ளிப்போடாதே. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உறுவையாற்றில் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, நானும் அவளோடு பேச வேண்டும்.