எழுத்துப் படிப்புக்குக் காசு கட்டுமுன்

கடனுக்குச் சாமான் கேட்டு வருபவர்கள் என் கடைக்குப் புதியவர்கள் அல்லர். சென்ற மாதம் வந்தவனோ என் தங்கையின் மகன். அவன் கேட்டது கடனுக்குப் படிப்பு. கலைமாணிப் பட்டதாரி, கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். "மாமா, எழுத்துத் துறையில ஒரு மாஸ்டர்ஸ் இன்டர்நெட்டிலேயே செய்யலாம். அது இருந்தா அறிக்கை எழுதுற பதவிக்குப் போகலாம். முதல் தவணைக்குக் காசு தாங்க" என்றான்.

எழுதுவதற்கும் ஒரு படிப்பா என்று சிரிக்கும் வியாபாரிகள் நம்மில் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். 2009க்குப் பின் மீள்குடியேற்ற வேலைகள் நடந்த காலத்தில், சீமெந்தும் கூரைத்தகடும் விநியோகிக்க நானும் வவுனியாவில் இருந்து விலைமனு கொடுத்தேன். என் விலை குறைவுதான். ஆனால் ஆங்கிலக் கடிதத்தில் விநியோகத் திகதியும் கொடுப்பனவு நிபந்தனையும் குழம்பிக் கிடந்தன. வேலை வேறொருவருக்குப் போனது. எழுதத் தெரிந்த ஆளின் பெறுமதி அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆனாலும் உடனே லாச்சியைத் திறக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் மூத்த மகளுக்காக இணையவழி எழுத்து டிப்ளோமா ஒன்றுக்குக் காசு கட்டிச் சூடு கண்டவன் நான். அவள் எட்டு ஒப்படைகள் அனுப்பினாள். எட்டுக்கும் "மிக நன்று" என்று ஒரே பதில்; ஒரு பிழைகூடத் திருத்தப்படவில்லை. சந்தேகப்பட்டு, ஒன்பதாவதாக முதல் ஒப்படையையே திரும்ப அனுப்பினாள். அதற்கும் "மிக நன்று"! சான்றிதழ் மட்டும் பளபளப்பாக வந்தது. நேர்முகப் பரீட்சையில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

ஆகவே இம்முறை கடையைப் பூட்டிய பின் இரண்டு இரவுகள் மருமகனோடு உட்கார்ந்தேன்.

விற்பவன் யார் என்பதுதான் எந்தச் சரக்கிலும் முதற் கேள்வி. கராச்சியில் இருந்த அக்ஸாக்ட் என்ற கம்பனி, இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் நூற்றுக்கணக்கான இணையத்தளங்களை நடத்திப் பட்டம் விற்றதை 2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. கேட்டால் பெரிய இடம் போலத் தோன்றும் பெயர்கள்! சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கம் உலகப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பெயரைத் தேடலாம். அரசாங்கப் பதவிக்கும் அந்தப் பட்டம் உதவ வேண்டுமானால், நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் காசு கட்டுமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நிறை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு திறமைப் புள்ளி என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. ஆய்வில்லாத முதுமாணிக்கே 30 புள்ளிகள் வேண்டும். அதாவது 1500 மணித்தியாலம். "ஆறு மாதத்தில் மாஸ்டர்ஸ்" என்று ஒரு விளம்பரம் அவனுக்கு வந்திருந்தது. கணக்குப் போட்டுக் காட்டினேன்: நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல், வெள்ளியும் ஞாயிறும் உட்பட. வேலையும் பார்த்துக்கொண்டு எந்த மனிதனால் முடியும்?

பெரிய பிழை வேறொன்றில் இருந்தது. அவன் விரும்பி வைத்திருந்தது படைப்பெழுத்து முதுமாணி. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் நடத்தும் அத்தகைய படிப்பைப் பார்த்தோம். நல்ல இடம்தான். ஆனால் அங்கே கற்பிப்பது புனைகதை, கவிதை, நாடகப் பிரதி, புனைவல்லாத படைப்பு. நன்கொடை கொடுத்தவருக்கு, கட்டிய கிணறு எத்தனை, செலவு எவ்வளவு என்று எழுதப்போகிறவனுக்கு அது பொருந்துமா? இரண்டும் எழுத்துத்தான், பச்சையரிசியும் புழுங்கலரிசியும் அரிசிதானே! அவனுக்குத் தேவை தொழில்சார் எழுத்து. அவன் போக நினைக்கும் பதவிக்கான பழைய வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் தேடிப் பார்த்ததும் அது அவனுக்கே தெரிந்தது.

கட்டணம் பவுணிலோ டொலரிலோ என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360ஐ எட்டியது. அந்த வருடம் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். லண்டனில் இரவு ஏழு மணி வகுப்பு நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மகளின் படிப்பில் நான் கேட்கத் தவறியதைக் கேட்கச் சொன்னேன். "ஒப்படையை யார் வாசிப்பார்? பெயர் நீக்கிய, திருத்திய ஒப்படை ஒன்றை மாதிரிக்கு அனுப்ப முடியுமா?" என்று மூன்று இடங்களுக்கு மின்னஞ்சல் போட்டான். ஓரிடத்தில் இருந்து பதிலே இல்லை. மற்றொன்று மறுநாளே 40 வீதம் கழிவு தருவதாக எழுதியது. மூன்றாவது இடம் இரண்டு பக்கம் அனுப்பியது. வரிக்கு வரி குறிப்பு; ஓரத்தில் விரிவுரையாளரின் கேள்விகள். அது முழு முதுமாணிகூட அல்ல, பட்டப்பின் சான்றிதழ்தான். பின்னர் மேலே தொடர விரும்பினால் அதன் புள்ளிகளைச் சேர்த்துக்கொள்வதாக எழுத்தில் தந்தார்கள்.

பாதிக் காசு கொடுத்தேன். மீதி, முதல் ஒப்படை திருத்தி வந்த பிறகு என்றேன். "மாமா என்னையும் கம்பனிக்காரனப் போலத்தான் பாக்கிறீங்க" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கைப்பேசியில் காட்டினான். மூன்று பக்க ஒப்படையில் 27 திருத்தங்கள். அவனுக்குப் பெரிய மனவருத்தம். நான் கடைக்கு வந்து மீதிக் காசை எண்ணிக் கொடுத்தேன்.