அப்பாவின் களைப்பும் ஆண்மை ஊசியும்

நாற்பத்தைந்தைக் கடந்த தந்தை வேலை முடிந்து வந்ததும் நாற்காலியிலேயே உறங்கிவிடுகிறார். எதற்கெடுத்தாலும் எரிச்சல். ‘வயசாச்சு’ என்பார் அம்மா. உடன் வேலை செய்யும் நண்பரோ வேறொரு காரணத்தைக் காதோடு காதாகச் சொல்லி, ஓர் ஊசியையோ ஒரு பொட்டலம் காப்பியையோ பரிந்துரைப்பார். நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத இந்த ஊசியைப் பற்றி மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

ஊசியில் இருப்பது டெஸ்டோஸ்டிரோன். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளையிட, ஆணின் விதைகள் சுரக்கும் ஹார்மோன் இது. தசை, எலும்பு, இரத்தச் சிவப்பணு, பாலுணர்வு, மனத்தெம்பு ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்குண்டு. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதுபோல் ஆண்களுக்கு இது ஒரு கட்டத்தில் நின்றுவிடுவதில்லை. நடுவயதிலிருந்து சிறிது சிறிதாகக் குறைகிறது. அப்படியிருக்க, சிலருக்கு மட்டும் அது வெகுவாகக் குறைவது ஏன்?

முதுமையைவிட வயிற்றுச் சுற்றளவே இதற்குப் பெரிய காரணம். கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மை ஹார்மோனாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, இந்த ஹார்மோனை இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதமும் குறைகிறது. சுபாங் ஜெயாவில் 40 வயதைக் கடந்த 1,046 ஆடவரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வும், ஹார்மோன் குறைவைத் தொப்பை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றோடு சேர்த்தே ஆராய்ந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அப்போது இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆக, இது நம் வீட்டுக் கதைதான்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் வழியிலுள்ள தெலுக் பங்லிமா காராங்கை எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள கேரித் தீவில் இன்றும் செம்பனை உண்டு. ஆனால் ஊரின் பிழைப்பில் தொழிற்சாலைகளுக்கும் தடையற்ற வணிக வட்டாரத்திற்கும் பெரும் பங்குண்டு. தோட்டத்தில் வெட்டுக்கத்தியோடு நாள் முழுவதும் நடந்த தாத்தாவின் பேரன், இயந்திரத்தின் முன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார் அல்லது ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார். இரவு ஷிப்டு, அதன்மேல் ஓ.டி., விடியற்காலையில் ரொட்டி சானாய், கெட்டிப்பால் தே தாரே, பகலில் அரைத் தூக்கம்.

அந்த அரைத் தூக்கத்தைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில்தான் ஏறுகிறது. 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நலமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க வைத்தனர். அவர்களின் பகல்நேர அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. (தேர்வுக் காலத்தில் விடிய விடியப் படிக்கும் நண்பர்களும் இதைக் கவனிக்கலாம்.) குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோயும் தூக்கத்தைக் கெடுத்து இதே வேலையைச் செய்கிறது.

அப்படியானால் ஊசி தேவையே இல்லையா? அப்படிச் சொல்வதும் தவறு. விதையோ பிட்யூட்டரியோ பழுதானவர்களுக்கு அது அவசியமான மருந்து. மற்றவர்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 95 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இடுப்புச் சுற்றளவு கொண்ட, 50 முதல் 74 வயது வரையிலான 1,007 ஆடவர் இரண்டு ஆண்டுகள் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு மருந்து ஊசி, பாதிப் பேருக்கு வெற்று ஊசி. 2021இல் வெளியான முடிவின்படி நீரிழிவு நிலையில் இருந்தோர் மருந்து பெற்றவர்களில் 12 விழுக்காடு, பெறாதவர்களில் 21 விழுக்காடு. ஊசி உதவியது உண்மை. ஆனால் அதைப் பெற்றவர்களில் ஐவரில் ஒருவருக்கு இரத்தம் அளவுக்கு மீறித் தடித்தது. வெற்று ஊசி பெற்றவர்களிலும் ஐவரில் நால்வர் நீரிழிவு அளவுக்குக் கீழேயே இருந்தனர் என்பது என் பார்வையில் அதைவிடப் பெரிய செய்தி.

இருதயத்தைப் பற்றிய அச்சம் 2023இல் ஓரளவு தணிந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. எனினும் இருதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் இரத்தக் கட்டும் சற்றுக் கூடின. நாற்பதை நெருங்கும் முன்னாள் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தை வேண்டுவோருக்கு இந்த ஊசி ஆகாது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் பொதுவாகத் தருவதில்லை.

ஊசியைவிட எனக்குக் கவலை தருவது காப்பிப் பொட்டலம்தான். தொங்காட் அலி என்று அச்சிட்டு விற்கப்படும் சில காப்பிகளில் சில்டெனாபில், தடாலாபில் ஆகிய மருந்துகள் இரகசியமாகக் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் மாத்திரை வைப்பவர் இதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சட்டென விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

முதலில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. தே தாரேக்குப் பதில் தே ஓ கோசோங். வாரத்தில் 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை. சம்சுவுக்கும் பீருக்கும் விடை. உடல் எடையில் பத்து விழுக்காடு குறைந்தாலே ஹார்மோன் தானாக ஏறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அதன் பின்னும் களைப்பும் நாட்டக் குறைவும் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யலாம். வெறும் வயிற்றில், காலை பதினொன்றுக்குள், வெவ்வேறு நாள்களில் இருமுறை இரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 12 நானோமோலுக்கு மேல் இருந்தால் பொதுவாக ஊசி தேவைப்படாது. 8க்குக் கீழே என்றால் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். இடைப்பட்டவருக்கு மருத்துவரின் தீர்ப்பு. இரவு ஷிப்டு முடித்த கையோடு கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுத்தால் கணக்குத் தவறும். அப்பா தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் எடுக்கும்படி ஏற்பாடு செய்து, அவருடைய ஷிப்டு நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.