லொக்கரில் இருந்த ஊசி

2003 செப்டெம்பரில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சப்ரினா ஷானன் என்ற 13 வயது மாணவி பள்ளி உணவகத்தில் பிரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கிச் சாப்பிட்டாள். பால், நிலக்கடலை, சோயா ஒவ்வாத பிள்ளை. மூச்சு இழுத்ததை ஆஸ்துமா என்றே முதலில் நினைத்தாள். எபிநெஃப்ரின் ஊசி அவளுடைய லொக்கரில் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

அவள் பெயரால் வந்த சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடும் ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபர் தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி தவறாமல் நடக்க வேண்டும். முன் அனுமதி இல்லாவிட்டாலும், ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் ஊழியர் ஊசி போடலாம்.

திட்டம் கோப்பில் இருக்கும்; சோதனை சாப்பாட்டு நேரத்தில்தான். மாற்று ஆசிரியர் வந்த நாளில் அந்தக் கோப்பு அவர் கண்ணில் பட்டதா என்பதே முதல் கேள்வி. ‘கடலை இல்லாத பள்ளி’ என்ற பலகை மன நிம்மதி தரும், அவ்வளவுதான். கனடாவின் முதன்மை ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் கடுகும்கூட உண்டு. ஒன்ராறியோவின் ஸ்கார்பரோப் பகுதித் தமிழ் வீட்டு டப்பாவில் கடுகு தாளிக்காத சோறு அரிது. எள்ளுருண்டையோ பண்டிகைப் பலகாரம். ஆகவே பண்டம் பகிரக் கூடாது என்ற விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் கடலைப் புரதத்தை அகற்றாது. ஒவ்வாமைப் பிள்ளையைத் தனி மேசையில் உட்காரவைப்பது பாதுகாப்பு என்ற பெயரில் தரும் தண்டனை.

சிறு பிள்ளைக்கு நோயின் பெயர் தெரியாது. “நாக்கு சுணைக்குது”, “தொண்டையில என்னவோ சிக்கியிருக்கு” என்றுதான் சொல்லும். அரிப்புக்கான மருந்து மூச்சுத் திணறலைத் தீர்க்காது. அதற்கு எபிநெஃப்ரின் ஊசிதான்: எப்பிபென் என்ற அந்த ஊசியின் நீல மூடியை இழுத்தெடுத்து, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்புறத்தில் அழுத்தி மூன்று வினாடி பிடிக்க வேண்டும். காற்சட்டைக்கு மேலாகவே போடலாம். உடனே 911. பிள்ளையைப் படுக்கவைக்க வேண்டும், எழுப்பி நடத்தக் கூடாது. மூச்சு முட்டினால் உட்காரலாம். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் இரண்டாவது ஊசி. அதனால் இரண்டு ஊசிகள் வேண்டும், அவை லொக்கரில் அல்ல, பிள்ளையின் இடுப்புப் பையில். காலாவதித் தேதி ஊசியிலேயே அச்சிட்டிருக்கும். செப்டெம்பரில் பள்ளி திறக்குமுன் பெற்றோர் அதை ஒருமுறை பார்த்துவிடட்டும்.