அணிலுக்கு எதை இடுவது?

சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்து, பெற்றோரின் பணிமாற்றத்தால் தில்லிக்கு வரும் மாணவர், அங்குள்ள அணிலை உற்று நோக்கினால் ஒரு வேறுபாட்டைக் காண்பர். தென்னாட்டு அணிலின் முதுகில் மூன்று வெண்கோடுகள் உண்டு. தில்லி அணிலின் முதுகிலோ ஐந்து. இராமபிரான் மூன்று விரல்களால் தடவியதால் கோடுகள் உண்டாயின என்னும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது சற்று வியப்பாகவே இருக்கும். இவை நெருங்கிய உறவுடைய இரு வேறு இனங்கள். மூவரி அணில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ஐவரி அணில் வட இந்தியாவின் ஊர்களிலும் நகரங்களிலும் மனிதரை அண்டி வாழ்வது.

மனிதரை அண்டி வாழ்வதனாலேயே அதன் உணவும் மாறிவிட்டது. தில்லியின் லோதி தோட்டம் போன்ற பூங்காக்களில் காலை நடைக்கு வருவோர் பிஸ்கட்டையும் ரொட்டித் துண்டையும் கடலையையும் மரத்தடியில் இட்டுச் செல்கின்றனர். வீட்டு மாடத்திலும் தோட்டத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. இடுவோர் அன்பினால்தான் இடுகின்றனர். எனினும், அணில் விரும்பி உண்பதெல்லாம் அதற்கு ஏற்ற உணவு ஆகிவிடாது. இனிப்பைக் கண்டால் குழந்தையைப் போலவே அணிலும் ஓடி வரும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த அணிலின் எடை ஏறத்தாழ 100 கிராம். ஒரு பிஸ்கட்டின் எடை 8 கிராம் எனக் கொள்க. அதை அணில் முழுவதும் தின்றால், 40 கிலோ எடையுள்ள மாணவர் ஒரே வேளையில் 3 கிலோவுக்கு மேல் பிஸ்கட் உண்பதற்கு ஒப்பாகும். அதிலுள்ள சர்க்கரையும் உப்பும் மைதாவும் அச்சிற்றுடலுக்குப் பெருஞ்சுமை. வயிறு நிறைந்துவிடுவதால், அது நாட வேண்டிய நல்லுணவையும் நாடாமல் போகும். உப்பிட்ட முந்திரி, மிக்சர், உருளைக்கிழங்கு வறுவல் முதலியன இதனினும் தீயவை. சாக்லேட்டு அறவே ஆகாது.

அப்படியாயின் வேர்க்கடலை நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். வேர்க்கடலையில் கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச்சத்து குறைவு. பாஸ்பரஸ் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதி. சூரியகாந்தி விதையில் இவ்வேறுபாடு எட்டு மடங்கு. உணவில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறையுமானால், குருதிக்கு வேண்டிய கால்சியத்தை உடல் தன் எலும்புகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாளடைவில் எலும்புகள் மெலிந்து முறியும், கால்கள் வலுவிழக்கும். கிளைக்குக் கிளை தாவிப் பிழைக்கும் உயிருக்குக் கால் வலுவிழத்தல் என்பது உயிரிழத்தலே. பலவகை உணவைத் தேடி உண்ணும் அணிலுக்கு இவ்விடர் அரிது. நாள்தோறும் ஒரே இடத்தில் கடலையை மட்டும் உண்டு பழகியவற்றுக்கும், கூண்டில் அடைத்து வளர்க்கப்படுபவற்றுக்குமே இது நேர்கிறது.

கடலையில் மற்றொரு தீங்கும் மறைந்திருக்கலாம். ஈரத்தில் கிடந்த கடலையில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீனியாக இடப்பட்ட கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தது கண்டறியப்பட்டது. ஆதலின் பூஞ்சை படிந்த கடலையையும், சுருங்கிக் கசக்கும் கடலையையும், ‘நாம் உண்ண முடியாது, அணிலாவது உண்ணட்டும்’ என்று இடுதல் தகாது.

கடலையை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை. தில்லியின் குளிர்காலத்தில் தெருவோரங்களில் மணலில் வறுத்த கடலை ஓட்டோடு விற்கப்படும். உப்புச் சேராத அக்கடலையை இரண்டு மூன்று என்ற அளவில் ஓட்டோடு இடலாம். ஓட்டோடு இடுவதற்குக் காரணம் உண்டு. அணிலின் வெட்டுப்பற்கள் நான்கும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடினமானவற்றைக் கொறித்துக் கொறித்தே அது அவற்றைத் தேய்த்துக்கொள்கிறது. உடைத்து உரித்துக் கொடுக்கும் பருப்பு இதற்கு உதவாது.

அணிலுக்கு ஏற்ற உணவு எது என்பதை மரங்களே காட்டுகின்றன. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தில்லியில் முள்ளிலவ மரங்கள் செந்நிறப் பெரும்பூக்களைப் பூக்கின்றன. அப்போது அணில்கள் பூவினுள் முகத்தைப் புதைத்துத் தேனை நக்குகின்றன. முகத்தில் ஒட்டும் மகரந்தத்தை அடுத்த பூவுக்கும் கொண்டு செல்கின்றன. வேனிலில் முசுக்கட்டைப் பழமும், பின்னர் வேப்பம்பழமும், மழை தொடங்கும் வேளையில் சாலையோர நாவற்பழமும் அவற்றுக்குக் கிடைக்கின்றன. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பழங்கள் கால்சியம் செறிந்தவை. இவற்றோடு இளந்தளிர், மொட்டு, விதை, பூச்சி ஆகியவற்றையும் அணில் உண்ணும். வாய்ப்புக் கிடைத்தால் பறவையின் முட்டையையும் விடாது. ஒரு நாளில் ஒன்றையே உண்ணாமல் பலவற்றைச் சிறிது சிறிதாக உண்பதே அதன் இயல்பு.

வீட்டில் இடுவோரும் அவ்வியல்பைப் பின்பற்றலாம். கொய்யா, மாதுளை, பப்பாளி, வெள்ளரி, கேரட், கீரை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிரண்டைச் சிறு துண்டுகளாக வைத்தல் நன்று. அதனோடு ஒரு பாதாமோ, ஓட்டுடன் கூடிய ஒரு கடலையோ போதும். ஒரு மணி நேரத்துக்குள் தீரும் அளவே வைத்தல் வேண்டும். எஞ்சுவது எலிகளை அழைக்கும். தில்லியில் குரங்குகளையும் அழைக்கும்.

மே, ஜூன் மாதங்களில் அங்கு வெப்பம் 40 டிகிரியைக் கடந்துவிடும். அந்நாட்களில் உணவைவிட நீரே பேருதவி. ஆழமில்லாத மண்தட்டில் நீர் வைத்து, நாள்தோறும் கழுவி மாற்ற வேண்டும். தட்டு மரத்தை ஒட்டியே இருப்பது நலம். பூனை பதுங்கும் புதரருகே வைப்பது அணிலைப் பொறியில் இடுவதற்குச் சமம்.

கையில் ஏந்தி ஊட்டுதல் வேண்டாம். மனிதரிடம் அச்சம் நீங்கிய அணில் நாயிடத்தும் அசட்டையாக இருந்துவிடலாம். கடலை என்று எண்ணி விரலையும் கடிக்கும். கடித்தால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கூட்டிலிருந்து விழுந்த குட்டிக்குப் பசும்பால் புகட்டுவதும் தவறு. அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டியைக் கதகதப்பாக மரத்தருகே வைத்தால் தாயே வந்து கவ்விச் செல்லக்கூடும். வராவிடில் கால்நடை மருத்துவரை நாடலாம்.

குறுந்தொகையில் ‘அணிலாடு முன்றிலார்’ என்றொரு புலவர் உள்ளார். இயற்பெயர் மறைந்து, தாம் பாடிய தொடராலேயே பெயர் பெற்றவர் அவர். மக்கள் நீங்கிய வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடும் காட்சியைத் தனிமைக்கு உவமையாக்கினார். அவர் கண்ட அணில் ஆளில்லா முற்றத்தில் ஆடியது. இன்றைய அணிலோ ஆளிருக்கும் முற்றத்தை நாடி வருகிறது. அங்கு ஒரு கொய்யா மரமோ முசுக்கட்டை மரமோ நின்றால், எதை இடுவது, எவ்வளவு இடுவது என்னும் வினாக்களுள் பாதி எழாமலே போகும்.

பயிற்சி

1. வேர்க்கடலையை ஓட்டோடு இட வேண்டும் என்பதற்குரிய காரணத்தை விளக்குக.
2. கேக் துண்டு ஒன்றின் எடை 15 கிராம். 100 கிராம் எடையுள்ள அணில் அதை உண்டால், அது 40 கிலோ எடையுள்ளவர் எத்தனை கிலோ உண்பதற்கு ஒப்பாகும்?
3. பிரித்து எழுதுக: மூவரி, ஐவரி, வேப்பம்பழம், சிற்றுடல்.
4. உமது பள்ளி வளாகத்தில் அணில்கள் ஒரு வாரத்தில் உண்பனவற்றைக் கண்டு, மரங்களின் பெயரோடு பட்டியலிடுக.