சட்டியில் மிச்சம், இலையில் எச்சில்

கேள்வி: மீந்த சாப்பாட்டை ‘மிச்சம்’ என்பதா, ‘எச்சில்’ என்பதா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: கரண்டி மட்டும் பட்டிருந்தால் மிச்சம், வாயோ, சாப்பிட்ட கையோ பட்டுவிட்டால் எச்சில். எச்சிலுக்கு வேர் ‘எஞ்சு’. வினையெச்சத்துக்கும் அதுவே வேர். அதைப் படிக்கையில் மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை! மிச்சத்துக்கு மரியாதை கூடுதல். செலவு போகக் கையில் நிற்கும் காசும் மிச்சம்தானே?

உங்கள் ஊர் ரமணாசிரமச் சமையலறையில் ரமணரே காய் நறுக்குவார், சமைப்பார். முந்தின நாள் மீந்ததை வீணாக்க விடமாட்டார். சூடாக்கி மறுநாள் காலை உணவோடு சேர்த்துவிடுவார். ஆசாரம் பார்த்தவர்கள்தான் பழையதைத் தொடத் தயங்கினார்கள். நான் ரமணர் கட்சி.

ஒன்று மட்டும்: விருந்தாளியிடம் “மிச்சம் இருக்கு, சாப்பிடுங்க” என்று சொல்லிவிடாதீர்கள். “நிறைய இருக்கு” என்பதே முறை.