அம்பு சொல்லும் யோசனை: கேட்போம், முடிவை நாமே எடுப்போம்

(தெரிந்து கொள்வோம் பகுதி – குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசவும்)



புன்னைக்காயலில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார். அவர் வீட்டில் வங்கிக் கடன் போட்டு ஒரு லோடு வண்டி வாங்கியிருக்கிறார்கள். கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டு போவதுதான் தொழில்.

"மயினி, எங்க வண்டி மீட்டர்ல ஒரு அம்பு வந்து வந்து போகுது. ஒரு நேரம் மேல பாத்து நிக்கி, ஒரு நேரம் கீழ பாத்து நிக்கி. ஏதோ கோளாறுன்னு நெனச்சி மெக்கானிக்குக்கு வேற காசு குடுத்தாச்சி. மக ஓட்டிப் பழகுதா. அவ அந்த அம்பு சொன்னபடியே போட்டு, ஆத்தூர்ப் பாலம் ஏறயில வண்டி நடுங்கி நின்னே போச்சி. பின்னாடி பஸ்ஸு. எனக்கு உயிரே இல்ல."

நல்ல வேளை, பஸ் டிரைவர் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்பு என்ன என்று அன்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. நம் பல வீடுகளில் இப்போது குட்டி யானையோ, லோடு வண்டியோ, காரோ இருக்கிறது. கடன் தவணை கட்டுவது நாம். டீசலுக்குக் காசு எடுத்துக் கொடுப்பதும் நாம். நம் பெண் பிள்ளைகளும் ஓட்டப் பழகுகிறார்கள். ஆகவே இதை நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

கியர் என்ன வேலை செய்கிறது?

கரையில் கிடக்கும் வள்ளத்தைக் கடலில் இறக்குவதை நினைத்துப் பாருங்கள். மணலில் இருந்து அசைக்கும்போது பத்துப் பேர் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். பலம் அதிகம் வேண்டும், வேகம் இருக்காது. தண்ணீரில் மிதந்து ஓடத் தொடங்கிய பிறகு அவ்வளவு பலம் தேவையில்லை.

வண்டியும் அப்படித்தான். நின்ற இடத்தில் இருந்து கிளம்ப முதல் கியர். அதில் இழுக்கும் பலம் அதிகம், வேகம் குறைவு. வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மாற்றுகிறோம். மேலே போகப் போக வேகம் கூடும், இழுக்கும் பலம் குறையும்.

வண்டி ஒரே வேகத்தில் போனாலும், மூன்றாவது கியரில் எஞ்சின் அதிகச் சுற்று சுற்றும், ஐந்தாவது கியரில் குறைவாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் தன் உள் உராய்வுக்கே கொஞ்சம் எரிபொருளைச் செலவழிக்கிறது. சுற்று குறைந்தால் அந்த வீண் செலவும் குறையும்.

அம்பு எதற்காக?

இது கோளாறைக் காட்டும் விளக்கு அல்ல. "இந்த நேரத்தில் இந்தக் கியரை விட வேறு கியர் போட்டால் எரிபொருள் மிச்சம்" என்று வண்டி நமக்குச் சொல்லும் யோசனை.

• அம்பு மேல் நோக்கி இருந்தால் – அடுத்த பெரிய கியருக்கு மாற்றலாம்.
• அம்பு கீழ் நோக்கி இருந்தால் – எஞ்சின் திணறுகிறது, சின்ன கியருக்கு இறக்கலாம்.
• அம்பு இல்லாவிட்டால் – இப்போது போட்டிருக்கும் கியர் சரி.

சில வண்டிகளில் அம்பு மட்டும் வரும். சிலவற்றில் கியர் எண்ணும் சேர்ந்து வரும்.

சிவப்பு நிறத்தில் எரியும் ஆயில் விளக்கு வேறு. அது எரிந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கியர் அம்புக்கு மெக்கானிக் தேவையில்லை.

இது புதிய சரக்கும் அல்ல. 1980களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் சில கார்களில் இப்படி ஒரு விளக்கை வைத்தது. ஐரோப்பிய நாடுகளில் இது சட்டமாகவே வந்துவிட்டது. கையால் கியர் மாற்றும் பயணிகள் கார்களில், 2012 நவம்பர் முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் மாடல்களுக்கும், 2014 நவம்பர் முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் மாருதி சுசுகி போன்ற நிறுவனங்களின் கார்களிலும், 2019-ல் வந்த டாடா இன்ட்ரா போன்ற சின்ன லோடு வண்டிகளிலும் இது இருக்கிறது.

வண்டிக்கு எப்படித் தெரிகிறது?

நம் குழுக் கணக்கு மாதிரி ஒரு கணக்குத்தான். வண்டிக்குள் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது.

1. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது.
2. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது.
3. ஆக்சிலரேட்டரை நாம் எவ்வளவு அழுத்துகிறோம்.

முதல் இரண்டையும் வகுத்துப் பார்த்தாலே எந்தக் கியரில் போகிறோம் என்று தெரிந்துவிடும். கிளட்ச்சை மிதித்தால் எஞ்சினும் சக்கரமும் பிரிந்துவிடும். அப்போது இந்தக் கணக்கு வராது. அதனால்தான் பல வண்டிகளில் கிளட்ச்சை மிதித்ததும் எண் மறைந்து போகிறது. அதுவும் கோளாறு அல்ல.

பிறகு கம்பெனியில் முன்பே போட்டு வைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, "மாற்று" அல்லது "இறக்கு" என்று அம்பைக் காட்டும்.

அம்புக்குத் தெரியாதது என்ன?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். அம்புக்கு எஞ்சினைத் தெரியும், நம் ரோட்டைத் தெரியாது. பின்னால் எத்தனை ஐஸ் பெட்டி இருக்கிறது என்று அது எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னால் பாலம் வருவதும், குறுக்கே ஆடு ஓடுவதும் அதற்குத் தெரியாது. சில புது வண்டிகள் ஏற்றத்தை ஓரளவு கணக்கில் எடுக்கும். எல்லா வண்டியும் எடுக்காது.

கீழே சொன்ன நேரங்களில் அம்பைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள்.

ஏற்றமும் லோடும்: அந்த மகள் பாலம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சமரோட்டில் அம்பு மேலே காட்டியபோது நான்காவது கியர் போட்டாள். சமரோட்டுக்கு அது சரியான யோசனைதான். ஆனால் லோடோடு ஏற்றம் வந்தவுடன் எஞ்சினுக்குப் பலம் போதவில்லை, நடுங்கி நின்றுவிட்டது. ஏற்றம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு இறக்கியிருக்க வேண்டும். எஞ்சின் திணறத் திணறப் பெரிய கியரில் ஓட்டினால் டீசலும் மிச்சமாகாது, எஞ்சினுக்கும் கேடு.

முந்தும்போது: முன்னால் போகும் லாரியை முந்த இழுக்கும் பலம் வேண்டும். சின்ன கியரில் இருக்கும்போது "மேலே போடு" என்று அம்பு காட்டினால், முந்தி முடித்த பிறகு போட்டுக் கொள்ளலாம்.

மலை இறக்கம்: குழுவாகச் சேர்ந்து கொடைக்கானல் போகிறோம் என்று வைத்துக் கொள்வோம். இறங்கும்போது சின்ன கியரில் வந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகித் தோற்றுப் போகாது. அந்த நேரத்தில் அம்பு மேலே காட்டினாலும் மாற்ற வேண்டாம்.

தண்ணீர்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பெருகி நம் ஊரே தனித் தீவானது. ஆழம் தெரியாத தண்ணீரிலும், ஓடுகிற தண்ணீரிலும் வண்டியை இறக்கவே கூடாது. ரோட்டில் லேசாகத் தேங்கிய தண்ணீர் என்றால் முதல் கியரிலேயே நிறுத்தாமல் மெதுவாகப் போங்கள். அங்கே அம்பு சொல்வதைக் கேட்க வேண்டாம்.

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்" – இது சரியா?

நம் ஊரில் பலரும் இப்படிச் சொல்வார்கள். இப்போதைய வண்டிகளுக்கு இது தவறு. கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், ஓரளவு வேகம் இருக்கும் வரை கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றி வைக்கும். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். வண்டியும் எஞ்சினின் பிடியை விட்டு உருளும், பிரேக்குக்குப் பாரம் கூடும். மிச்சம் பிடிக்கப் போய் உயிரை ஆபத்தில் வைக்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு லோடு வண்டி நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். மாதம் 2,000 கிலோமீட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று போடுவோம்.

• லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் – 125 லிட்டர், 11,500 ரூபாய்.
• லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தால் – ஏறக்குறைய 117.6 லிட்டர், சுமார் 10,825 ரூபாய்.

ஒரே ஒரு கிலோமீட்டர் கூடினால் மாதம் சுமார் 675 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 8,000 ரூபாய்க்கு மேல். அம்பைப் பார்த்து ஓட்டினால் இவ்வளவு கிடைத்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. ஏற்கெனவே கியரை நன்றாகப் பார்த்து ஓட்டுபவருக்குக் குறைவாகவே கிடைக்கும். மூன்றாவது கியரிலேயே எஞ்சினைக் கத்த விட்டு ஓட்டுபவருக்கு அதிகம் கிடைக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

1. பங்க்கில் டேங்க் நிறைய டீசல் போடுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள்.
2. ஒரு வாரம் எப்போதும் போல ஓட்டுங்கள். மறுபடி டேங்க் நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள்.
3. ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். 240 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் என்றால் லிட்டருக்கு 16.
4. அடுத்த வாரம் அதே ரோட்டில், அதே அளவு லோடில், பாதுகாப்பான இடங்களில் அம்பு சொல்வதைக் கேட்டு ஓட்டுங்கள். மறுபடி கணக்கிடுங்கள்.

இரண்டு வாரத்துக்குப் போதாது என்றால் இரண்டு மாதம் எழுதுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். காற்று குறைந்தாலும் டீசல் கூடும். கிளட்ச் மேல் சும்மா கால் வைத்துக் கொண்டு ஓட்டினால் கிளட்ச் சீக்கிரம் தேயும்.

அந்தச் சகோதரி வீட்டில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. டீசல் போடும் நாளெல்லாம் மகள்தான் எழுதுகிறாள். பாலம் வரும் முன்பே மூன்றாவதுக்கு இறக்கப் பழகிவிட்டாள். "இப்ப நான் அம்பையும் பாக்கேன், ரோட்டையும் பாக்கேன். ரோட்டத்தான் மொதல்ல பாக்கேன்" என்கிறாள்.

கூட்டத்தில் கலந்து பேச

1. உங்கள் வீட்டு வண்டியில் இந்த அம்பு இருக்கிறதா? இதுவரை அதை என்ன என்று நினைத்தீர்கள்?
2. நீங்கள் போகும் வழியில் அம்பு சொல்வதைக் கேட்கக் கூடாத இடங்கள் எவை?
3. வண்டிக் கடன் வாங்கிய உறுப்பினர்கள் டீசல் கணக்கை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருவீர்களா? ஊக்குநரும் பிரதிநிதியும் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

நம் குழுவில் யாராவது யோசனை சொன்னால் கேட்டுக் கொள்கிறோம். பிறகு நம் நிலைமையைப் பார்த்து நாமே முடிவெடுக்கிறோம். வண்டி சொல்லும் யோசனைக்கும் அதே மரியாதைதான்.